ஜாவானியத் திருமணம்: பெண் கேட்பது முதல் மாப்பிள்ளை வீட்டு விருந்து வரை

ஜாவானியர் வீட்டுக் கல்யாணத்தில் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அலங்காரம் தெரியும், மேளம் கேட்கும், அவ்வளவுதான். கல்யாணம் நடப்பது பின்கட்டில். பெண் கேட்கப் போகும்போது ஒரு பண்டம், நீராட்டும் நாளில் ஒரு பானம், முந்தைய இரவில் ஒரு சோறு, மணமக்கள் சந்திக்கும் சடங்கில் ஒரு கவளம், எல்லாம் முடிந்தபின் ஒரு கஞ்சி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கே உரிய உணவு இருக்கிறது. அது யார் கையில் சமைந்து யார் கைக்குப் போகிறது என்று கவனித்தால், மொழி தெரியாதவருக்கும் சடங்கு புரிந்துவிடும். அழைப்பிதழ் கிடைத்துப் போகிறவர்களுக்கும், ஜாவானியக் குடும்பத்தில் சம்பந்தம் செய்கிறவர்களுக்கும் பயன்படும்படி இதை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் சொல்லப்போவது இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் உள்ள சோலோ நகரத்து முறை. அரசு ஏடுகளில் அந்த ஊரின் பெயர் சுராகர்த்தா. 1755-இல் கியாந்தி ஒப்பந்தம் மாத்தாராம் அரசை இரண்டாகப் பிரித்தது. அன்று முதல் சோலோவுக்கு ஒரு அரண்மனை வழக்கம், யோக்யகர்த்தாவுக்கு ஒரு அரண்மனை வழக்கம். தலைப்பாகை, நெற்றிக் கோலம், சடங்கின் வரிசை எல்லாவற்றிலும் இரண்டு ஊர்களும் கொஞ்சம் கொஞ்சம் விலகும். ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டில் நடக்காமலும் போகலாம். மூத்தவர்கள் சொல்வதே அந்த வீட்டுக்குச் சட்டம்.

முதல் படி: பெண் கேட்டல்

மணமகன் வீட்டார் பெண் கேட்டு வருவதற்கு லமாரான் என்று பெயர். வெறுங்கையோடு வரக் கூடாது. வெற்றிலை, ‘ராஜா’ என்ற இன வாழைப்பழச் சீப்பு இரண்டு, மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்திக் துணி, மோதிரம் என்று தட்டுகள் நீளும். அவற்றுள் தவறவே கூடாதவை ஜாடா, வாஜிக் என்ற இரண்டு பண்டங்கள். இரண்டும் ஒட்டும் அரிசியில் செய்தவை. வெந்த அரிசியோடு தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் உலக்கையால் இடித்து, பரப்பி வெட்டினால் ஜாடா. அது வெள்ளை நிறம். வாஜிக் பழுப்பு நிறம், இனிப்பு. ஒட்டிய அரிசி பிரியாததுபோல் இரு குடும்பமும் பிரியாதிருக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

வாஜிக் செய்வது கடினமில்லை, ஆனால் அவசரத்தில் வராது. ஒரு கிலோ ஒட்டும் அரிசியை இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் வடித்து, ஆவியில் முக்கால் பதம் வேகவைக்க வேண்டும். அடிகனமான வாணலியில் அரைக் கிலோ தென்னை வெல்லத்தைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்து, வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பும் முடிச்சுப் போட்ட ரம்பை இலையும் இட்டுக் கொதிக்கவிட வேண்டும். பாகு தடித்ததும் அரிசியைக் கொட்டி, தீயைக் குறைத்து, கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் முழுவதையும் அரிசி குடித்துவிடும். பிறகு கரண்டி கனக்கத் தொடங்கும். தேங்காய் எண்ணெய் விளிம்பில் பிரிந்து, அரிசி மணிகள் குழையாமல் பளபளத்து, மொத்தமும் ஒரே உருண்டையாக வாணலியை விட்டு வரும்போது இறக்க வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் மறுநாள் கெட்டுவிடும். நேரம் கடந்தால் கல்லாகிவிடும். தட்டில் பரப்பி, ஆறியபின் சாய்சதுரமாக வெட்டுவார்கள்.

பெண் வீட்டார் சம்மதித்தால் நாள் பார்ப்பது அடுத்த வேலை. ஜாவானியருக்கு ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சந்தை வாரமும் உண்டு: லெகி, பஹிங், போன், வாகே, கிளிவோன். இரண்டும் சேர்ந்து சுழன்று 35 நாளுக்கு ஒருமுறை அதே சேர்க்கை திரும்பும். ஒருவர் பிறந்த சேர்க்கைக்கு வெதோன் என்று பெயர். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் உண்டு: ஞாயிறு 5, திங்கள் 4, செவ்வாய் 3, புதன் 7, வியாழன் 8, வெள்ளி 6, சனி 9, லெகி 5, பஹிங் 9, போன் 7, வாகே 4, கிளிவோன் 8. செவ்வாய்-கிளிவோன் பெண்ணுக்கு 11, சனி-போன் பையனுக்கு 16, கூட்டினால் 27. அந்த எண்ணை வைத்துப் பொருத்தமும் நாளும் சொல்வதில் ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுச் சம்பந்தம் என்றால் நீங்களாகக் கணக்குப் போட்டு முடிவு சொல்லாதீர்கள். அவர்கள் நம்பும் பெரியவரிடமே விட்டுவிடுங்கள். ஜாவானிய ஆண்டின் முதல் மாதமான சூரோவில் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. கடைசி மாதமான புசார் விருப்பமான மாதம்.

இதற்கு நடுவே சட்டத்தின் வேலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தோனேசியாவின் 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி மதச் சடங்கும் வேண்டும், பதிவும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆண், பெண் இருவருக்கும் குறைந்தபட்ச வயது 19.

இரண்டாம் படி: அடுக்களை கூடுதல்

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பே அக்கம்பக்கத்துப் பெண்கள் தத்தம் கத்தியோடு வந்து சேர்ந்துவிடுவார்கள். இந்தக் கூட்டு உழைப்புக்கு ரெவாங் என்று பெயர். வெங்காயம் உரிப்பவர்கள் ஒரு பக்கம், தேங்காய் துருவுபவர்கள் ஒரு பக்கம், வாழையிலை துடைத்துக் கிழிப்பவர்கள் ஒரு பக்கம். யாருக்கு என்ன வேலை என்று யாரும் பட்டியல் வாசிப்பதில்லை. போன கல்யாணத்தில் செய்ததையே இந்தக் கல்யாணத்திலும் செய்கிறார்கள். சோறு வேகவைப்பவர் தனி. அவர் அடுப்பை மற்றவர் தொடக் கூடாது. அரிசியும் சாமான்களும் இருக்கும் அறைக்கு வயதில் மூத்த பெண்மணி ஒருவர் காவல். கேட்டதை அளந்து கொடுப்பது அவர் மட்டுமே. பண்டம் குறையாமல் இருப்பதற்கு அவருடைய விரதமும் வேண்டுதலும் காரணம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அடுப்பு மூட்டுமுன் சின்னதாக ஒரு ஸ்லாமேதான், அதாவது வேண்டுதல் விருந்து, நடக்கும். தும்பெங் எனப்படும் கூம்புச் சோறு நடுவில், சுற்றிலும் காய்கறிகள், வேகவைத்த முட்டை, பக்கத்தில் இங்குங். இங்குங் என்பது கழுத்தும் கால்களும் மடித்துக் கட்டி, முழுதாகவே தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேவல். பூண்டு, வெங்காயம், கொத்தமல்லி விதை, கெமிரிக் கொட்டை அரைத்து, பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் பிரிஞ்சி இலைபோல் மணத்துக்குப் போடும் சலாம் இலையும் சேர்த்து, சிறு தீயில் வற்றவைப்பார்கள். தலை குனிந்து வணங்கும் கோலத்தில் அந்தச் சேவல் தட்டில் அமர்ந்திருக்கும். சிவப்பும் வெள்ளையுமான அரிசிக் கூழும் கட்டாயம். துஆ முடிந்ததும் அனைத்தையும் பங்கிட்டு, மூங்கில் பெட்டியில் வைத்து வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்வார்கள்.

மொய் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது இதில்தான். கிராமங்களில் பெண்கள் அரிசி, சர்க்கரை, எண்ணெய், நூடுல்ஸ் என்று பொருளாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள். பெற்றுக்கொண்டவர் நோட்டில் எழுதி வைப்பார். நாளை கொடுத்தவர் வீட்டில் விசேஷம் என்றால் அதே அளவு திரும்பிப் போக வேண்டும். கொண்டுவந்த கூடையை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சமைத்த உணவு நிரம்பித்தான் போகும். சில ஊர்களில் அழைப்பிதழே உணவுதான்: சோறும் கறியும் அடங்கிய பெட்டி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால் அழைப்பு வந்ததாகப் பொருள். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போகாமல் இருப்பது பெரிய அவமதிப்பு. நகரத்தில் உறையில் பணம் வைத்து வாசலில் உள்ள பெட்டியில் போட்டால் போதும். பெயர் எழுத மறக்காதீர்கள். நோட்டு அங்கேயும் உண்டு.

மூன்றாம் படி: பந்தல்

தென்னங்கீற்று முடைந்து பந்தல் வேய்வார்கள். வாசலின் இரு பக்கமும் குலையோடு வாழை, கருங்கரும்பு, மஞ்சள் நிற இளநீர்க் குலை, நெற்கதிர், ஆலிலை ஆகியவற்றைக் கட்டுவார்கள். தெரு முனையில் இளங்குருத்தோலை வளைத்து நட்டிருந்தால் அந்தத் தெருவில் கல்யாணம். வழி கேட்க வேண்டியதில்லை.

நான்காம் படி: நீராட்டும் டாவெத் விற்பனையும்

கல்யாணத்துக்கு முதல் நாள், அவரவர் வீட்டில் மணமக்களை நீராட்டுவார்கள். ஏழு இடங்களிலிருந்து எடுத்த நீர், அதில் ரோஜா, மல்லிகை, கெனாங்கா மலர்கள், நாரோடு சேர்த்துக் கட்டிய இரண்டு தேங்காய்கள். பெற்றோர் தொடங்கி மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஊற்றுவார்கள். பெரும்பாலும் ஏழு பேர். கடைசியில் மண் கெண்டியிலிருந்து நீர் வார்த்து, கெண்டியைத் தரையில் போட்டு உடைப்பார்கள். பெண்ணின் பொலிவு வெளிப்பட்டுவிட்டது என்று அப்போது அறிவிப்பார்கள். பிறகு தந்தை மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். பல வீடுகளில் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அழுவது அந்த நேரத்தில்தான்.

உடனே வாசலில் கடை திறக்கும். பெண்ணின் தாய் டாவெத் விற்பார், தந்தை குடை பிடிப்பார். அரிசிமாவைக் கூழாகக் காய்ச்சி, துளையிட்ட தட்டின் மேல் வைத்துத் தேய்த்தால் துளித்துளியாகக் கீழே குளிர்ந்த நீரில் விழும். ரம்பை இலைச் சாற்றால் பச்சை நிறம். அந்தத் துளிகளைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லப் பாகிலும் போட்டால் டாவெத். விருந்தினர் பணம் கொடுக்கக் கூடாது. மண்பானை ஓட்டுச் சில்லுகளைக் கொடுத்து வாங்க வேண்டும். உங்கள் கையிலும் ஒரு சில்லு தருவார்கள். அதை மறக்காமல் தாயின் கையிலேயே கொடுங்கள். தாய் சில்லுகளைச் சேர்த்து வைப்பார். சம்பாதிப்பதும் அதைக் காப்பதும் இருவர் வேலை என்று புதுத் தம்பதிக்குச் செய்து காட்டுவது இது. நாளை டாவெத் துளிகள்போல விருந்தினர் திரளட்டும் என்பது உடன் சேர்ந்த வேண்டுதல்.

அன்றே பெற்றோர் மகளுக்குத் தும்பெங்கிலிருந்து கடைசியாக ஒரு முறை ஊட்டிவிடுவார்கள். இனி அவளுக்கு ஊட்டும் கை வேறு. படம் எடுக்கிறவர்கள் இந்த நேரத்தில் மட்டுமாவது பின்னால் நிற்பது நல்லது.

ஐந்தாம் படி: தேவதை வரும் இரவு

அன்றைய இரவு மிடோடரேனி. இந்த இரவின் உணவு விளங்க ஜாக்கா தாருப் கதை தெரிந்திருக்க வேண்டும். குளத்தில் நீராட வந்த தேவதைகளில் ஒருத்தியின் மேலாடையை அவன் ஒளித்துவைக்கிறான். பறக்க முடியாமல் தங்கிப்போன நாவாங்வூலான் அவனுக்கு மனைவியாகிறாள். நாவாங்சிஹ் என்ற மகள் பிறக்கிறாள். வீட்டில் தினமும் சோறு பொங்குகிறது, ஆனால் குதிரில் நெல் குறைவதே இல்லை. சோறு வேகும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவள் இட்ட ஒரே நிபந்தனை. ஒரு நாள் அவன் திறந்துவிடுகிறான்; உள்ளே கிடப்பது ஒரே ஒரு கதிர். அவள் சக்தி போய்விடுகிறது. எல்லாரையும்போல் நெல் குத்திச் சமைக்க வேண்டியதாகிறது. குதிரில் நெல் இறங்க இறங்க, அடியில் அவன் ஒளித்துவைத்த மேலாடை தென்படுகிறது. அதை எடுத்துக்கொண்டு வானுக்குத் திரும்புகிறவள், மகளின் கல்யாணத்துக்கு முந்தைய இரவில் வந்து அவளை அழகாக்குவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஆகவே அந்த இரவில் மணப்பெண் அலங்காரம் குறைவாக, அறைக்குள்ளேயே நள்ளிரவு வரை விழித்திருப்பாள். பெண்கள் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மணமகன் குடும்பத்தோடு வந்து முகப்பில் உட்காருவான். பெண்ணைப் பார்க்க அனுமதி இல்லை. கூட வந்தவர்களுக்கெல்லாம் விருந்து, அவனுக்கு மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர். நள்ளிரவுக்குப் பிறகு வீட்டார் சேர்ந்து நாசி குரிஹ் சாப்பிடுவார்கள்: தேங்காய்ப்பாலில் உப்பும் சலாம் இலையும் சேர்த்து வடித்த சோறு, கூடவே இங்குங், காய்கறி. ஒரு சோற்றுப் பானையின் மூடியால் பிரிந்த தம்பதியின் கதையைச் சொல்லி, அதே இரவில் ஒரே பானைச் சோற்றை எல்லாரும் பகிர்ந்துண்பது எனக்கு இந்தத் திருமணத்தின் நடுநாயகமாகப் படுகிறது. நேரமில்லை என்று இதை விட்டுவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆறாம் படி: சந்திப்பு

பெரும்பாலான ஜாவானியர் முஸ்லிம்கள். காலையில் இஜாப் கபூல் என்ற நிக்காஹ் ஒப்பந்தம் நடக்கும்: பெண்ணை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளரான ‘வலீ’, இரண்டு சாட்சிகள், மணமகன் பெண்ணுக்குத் தரும் மஹர் என்ற மணக்கொடை. கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயத்தில் நடக்கும். அதன் பிறகே பங்கிஹ் எனும் ஜாவானியச் சடங்கு. காமலான் என்ற ஜாவானிய வாத்தியக் குழு ‘கொடோக் ஙோரெக்’ என்ற இசையைத் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து பார்ப்பார்கள்.

இருவரும் நடந்து நெருங்கி, வெள்ளை நூலால் கட்டிய வெற்றிலைச் சுருள்களை ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள். மணமகன் வெறுங்காலால் கோழிமுட்டையை மிதித்து உடைப்பான். மணமகள் பூநீரால் அந்தக் காலைக் கழுவுவாள். பெண்ணின் தாய் சிவப்பு வெள்ளைத் துணியால் இருவரையும் பின்னாலிருந்து போர்த்துவார், தந்தை முன்னே வழிநடத்துவார். இருவரையும் மடியில் அமர்த்திக்கொண்ட தந்தையிடம் தாய் “யார் கனம்?” என்று கேட்பார். இருவரும் ஒரே கனம் என்பது விடை.

பிறகு உணவு மூன்று வடிவில் வருகிறது. முதலில் காச்சார் கூச்சூர்: அரிசி, சோளம், சோயா, நிலக்கடலை, மஞ்சள் அரிசி, நாணயம் எல்லாம் கலந்த பையை மணமகன் சாய்க்க, மணமகள் மடித்துணியில் ஏந்திக்கொள்வாள். ஒரு மணி கீழே சிந்தாமல் ஏந்த வேண்டும் என்று பாட்டிமார்கள் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். அடுத்து டஹார் கிளிமாஹ். நாசி பூனார் எனும் மஞ்சள் சோறு, ஆம்லெட் கீற்று, புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே, அபோன் என்ற உலர் இறைச்சித் துருவல், கோழி ஈரல். மணமகன் சோற்றைக் கையால் கவளமாகப் பிடித்துத் தட்டில் வைப்பான். மூன்று கவளம் வழக்கம். அவள் தின்பதை அவன் பார்த்திருக்க வேண்டும். பல இடங்களில் இப்போது ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் இளநீர் ருஜாக்: இளநீர் வழுக்கையும் வெல்லமும் கலந்த ஒரே குவளைப் பானத்தைத் தந்தை, தாய், மருமகன், மகள் நால்வரும் குடிப்பார்கள். மணமகன் குடும்பத்தார் அதுவரை வெளியே இருந்துவிட்டு, இதற்குப் பிறகே வரவேற்கப்பட்டு மேடைக்கு வருவார்கள்.

முடிவில் சுங்கெமான். பெற்றோர் முழங்காலில் முகம் வைத்து ஆசி கேட்பது. அதற்கு முன் மணமகன் இடுப்பில் உள்ள கிரிஸ் கத்தியை எடுத்துவிட வேண்டும்.

ஏழாம் படி: பறக்கும் தட்டு விருந்து

சோலோ விருந்துக்குப் ‘பிரிங் தெர்பாங்’, பறக்கும் தட்டு என்று பெயர். விருந்தினர் மேடையை நோக்கி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மேசை கிடையாது. சினோமான் எனப்படும் ஊர் இளைஞர்கள் பெரிய தாம்பாளங்களைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு வரிசைகளுக்கு இடையே வருவார்கள். தட்டு கைமாறிக் கைமாறி உள்வரிசைக்குப் போகும். உங்கள் கைக்கு வந்ததை அடுத்தவருக்குக் கொடுங்கள்; வரிசையின் கோடியில் இருப்பவருக்குக் கிடைத்தபின்தான் உங்களுக்கு.

பரிமாறும் வரிசையை ‘உஸ்டெக்’ என்பார்கள்: உஞ்சுகான் (பானம்), சூப், டஹாரான் (சாப்பாடு), எஸ் (ஐஸ்), கோண்டூர் (விடைபெறுதல்). அதிபர் சுகர்ணோ காலத்தில் நாடெங்கும் முழங்கிய அரசியல் முழக்கத்தின் பெயரை விருந்துக்கு வைத்துவிட்டார்கள்.

முதலில் சர்க்கரை தூக்கலாகச் சூடான தேநீர், கூடவே சிற்றுண்டி. அடுத்து சூப். சோலோக்காரர்கள் பெருமைப்படுவது சூப் மதஹாரி, சூரியன் சூப். மெல்லிய ஆம்லெட்டில் அரைத்த இறைச்சியும் காய்கறியும் வைத்து மூடி, கிண்ணத்தில் அழுத்தி, ஆவியில் வேகவைப்பார்கள். பரிமாறும்போது மேற்புறத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கீறி, முக்கோண மடல்களை வெளியே விரிப்பார்கள். மஞ்சள் இதழ்களுக்கு நடுவே உள்ளீடு தெரியும். மேலே தெளிந்த சூடான சாறு ஊற்றுவார்கள். நூற்றுக்கணக்கான கிண்ணங்களுக்கு இப்படி ஒவ்வொன்றாகக் கீறி விரிக்க எத்தனை கைகள் வேண்டும் என்று யோசித்தால் ரெவாங் எதற்கு என்று தெரியும்.

சாப்பாட்டில் சோறு, ஈரலும் மாட்டுத்தோல் வற்றலும் சேர்ந்த சம்பால் கோரெங், இறால் அப்பளம், ஊறுகாய்க் காய்கள். சில வீடுகளில் செலாட்: கெச்சாப் மானிஸ் என்ற இனிப்புச் சோயா சாஸும் சாதிக்காயும் சேர்த்து நீர்க்க வேகவைத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், கடுகு மணக்கும் மயோனைஸ். டச்சுக்காரர் சமையலைச் சோலோ தன் நாக்குக்கு மாற்றிக்கொண்ட உணவு அது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் அழைத்தவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் தட்டு முழுதாகப் பரிமாறித்தான் வரும்.

ஐஸ் வந்தால் விருந்து முடிந்தது என்று பொருள். மணமக்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். எழுந்து, வாழ்த்தி, கிளம்ப வேண்டும். நேரம் தவறிப் போனால் சூப் போய்விட்டிருக்கும். சமையல்காரர் பின்னால் ஓடுவது அங்கே வழக்கமில்லை. முழுக்கைப் பாத்திக் சட்டை ஆண்களுக்குப் பொருத்தம். சாய்ந்த கத்திபோன்ற ‘பாராங்’ கோலத்தைக் கல்யாணத்தில் பலர் தவிர்க்கிறார்கள், அது சச்சரவைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கையால். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால்.

பெரிய நகரங்களில் பஃபே வந்துவிட்டது. வசதிதான், ஆனால் நின்றுகொண்டே சாப்பிடுவதும், பின்னால் வந்தவருக்கு வெறும் பாத்திரம் மிஞ்சுவதும் அதன் குறைகள். பறக்கும் தட்டில் அமைச்சருக்கும் அண்டைவீட்டாருக்கும் ஒரே அளவு சூப்.

எட்டாம் படி: விருந்துக்குப் பிறகு

பந்தல் பிரிக்கும்போது அடுக்களையில் ஜெனாங் சும்சும் காய்ச்சுவார்கள். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கட்டி விழாமல் கிளறி, வெள்ளையாக வழவழப்பாக இறக்கி, மேலே வெல்லப் பாகு ஊற்றுவது. இது விருந்தினருக்கு அல்ல. ரெவாங் வந்த பெண்களுக்கும் தட்டுத் தூக்கிய இளைஞர்களுக்கும். உழைத்த எலும்புகளுக்கு வலு திரும்பட்டும் என்று அதைக் கிண்ணம் கிண்ணமாக அனுப்புவார்கள்.

ஐந்தாம் நாள் செப்பாசாரான். அன்றோ அதையொட்டியோ மணமகன் வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு தங்கள் ஊரில் ஒரு விருந்து வைப்பார்கள். அதற்கு ஙுண்டுஹ் மந்து என்று பெயர். இரண்டுக்கும் அழைப்பு வந்து ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால், பெண் வீட்டுக்குப் போங்கள். முக்கியச் சடங்குகள் அங்கேதான். மணமகன் பக்கத்து உறவு என்றால் ஙுண்டுஹ் மந்துவைத் தவறவிடாதீர்கள், புது மருமகளுக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். வாய்ப்பிருந்தால் முந்தைய நாளே போய், பின்கட்டில் ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஜெனாங் சும்சும் உங்களுக்கும் வரும்.